பிடிஎஃப் அனுப்பிவிட்டால் போதுமா?

ஆஸ்பத்திரித் தகவல்களைக் கணினியில் இணைப்பது பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி சேர்ந்துவிடுகிறது. "பழைய ரிப்போர்ட் எல்லாம் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் திறக்கணும்" என்பது ஒரு கட்சி. "கொடுத்தா நாளைக்கே இன்சூரன்ஸ்காரன் கையில இருக்கும்" என்பது இன்னொரு கட்சி. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள். ஆஸ்பத்திரி மென்பொருளில் பல வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பகிர முடியாமல் போவதற்கும் பாதுகாக்க முடியாமல் போவதற்கும் காரணம் ஒன்றுதான்: தகவலை நாம் எழுதி வைக்கிற லட்சணம்.

சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் 126 என்று மதுரை லேப் ரிப்போர்ட் சொல்கிறது. அதே ஆள் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது எடுத்த ரிப்போர்ட்டில் 7.0 என்று இருக்கிறது. இரண்டும் ஒரே அளவுதான். இங்கே மில்லிகிராம் கணக்கு, அங்கே மில்லிமோல் கணக்கு. டாக்டருக்கு ஒரு பார்வை போதும். கணினிக்கு அது புரிய வேண்டுமானால் எண் தனியாக, அலகு தனியாக, என்ன டெஸ்ட் என்பது தனியாக இருக்க வேண்டும். டெஸ்டின் பெயரோ ஊருக்கு ஒன்று. ஒரு லேபில் எச்பிஏ1சி, அடுத்ததில் கிளைகேட்டட் ஹீமோகுளோபின், நோயாளி வாயில் 'மூணு மாசச் சுகர்'. லாயிங்க் (LOINC) என்ற உலகப் பொதுக் குறியீட்டுப் பட்டியலில் இதற்கு 4548-4 என்று ஓர் எண் உண்டு. அதைச் சேர்த்து எழுதிவிட்டால், லேப் என்ன பெயரில் அழைத்தாலும் ஐந்து வருட முடிவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

இப்படி எழுதுவதற்கு ஒரு பொது வடிவமும் இருக்கிறது. ஃபயர் (FHIR) என்கிறோம். ஆஸ்திரேலியாவின் கிரஹாம் க்ரீவ் 2011-ல் தொடங்கி வைத்தது. காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம். நோயாளி, பரிசோதனை முடிவு, மருந்து, ஒவ்வாமை, நோய் என்று ஒவ்வொன்றும் அதில் தனித்தனித் துண்டு. ஆஸ்பத்திரிப் பதிவுகளை இணைப்பதற்காக மத்திய அரசு 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்து, 2021 செப்டம்பரில் நாடு முழுக்கக் கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் இந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. நல்ல முடிவு. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வதந்தி சொல்கிற மாதிரி நம் ரிப்போர்ட் எல்லாம் டெல்லியில் ஒரே கிட்டங்கியில் போய்க் குவிவதில்லை. அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். நாம் ஒப்புதல் கொடுத்தால்தான் நகரும். நகரும்போது பூட்டிய நிலையில் நகரும். இடையில் நின்று நம் ஒப்புதலை வாங்கித் தருகிற 'ஒப்புதல் மேலாளர்' என்ற மென்பொருளாலும் திறந்து பார்க்க முடியாது. யார் வடிவமைத்தார்களோ, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் அதே திட்டம், ஸ்கேன் செய்த பேப்பரையோ பிடிஎஃபையோ அப்படியே ஓர் உறைக்குள் போட்டு அனுப்பவும் வழி விட்டிருக்கிறது. பழைய பேப்பர்களுக்காக விட்ட வழி அது. நான் பார்த்த பல இடங்களில் இன்று காலை எடுத்த ரத்தப் பரிசோதனையும் அந்த வழியில்தான் போகிறது. மேலே ஃபயர், உள்ளே ஒரு படம். கணக்கில் 'இணைக்கப்பட்டது' என்று ஏறிவிடும். வாங்குகிற டாக்டர் பழையபடி பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, பகிர்வு அரைகுறை, அந்தரங்கமாவது தப்பித்ததா என்றால், அதுவும் இல்லை. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பக்கத்தில், 'முந்தைய நோய்கள்' என்ற தலைப்பின் கீழ், நான்கு வருடத்துக்கு முன் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தது ஒரே வரியில் இருக்கிறது. அவர் இப்போது முட்டி வலிக்கு எலும்பு டாக்டரிடம் போகிறார். ஒப்புதல் கொடுக்கும்போது எந்த வகை ஆவணம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த விசிட் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆவணத்துக்குள் இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்திவைக்க வழி கிடையாது. கொடுத்தால் முழுசாகக் கொடு, இல்லையென்றால் மொத்தமாக மறை.

அந்த நோய் தனித் துண்டாக எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. 'சாதாரணம்', 'கட்டுப்பாடு உள்ளது', 'மிகுந்த கட்டுப்பாடு உள்ளது' என்று ஒவ்வொரு துண்டின் மேலும் சீட்டு ஒட்ட ஃபயரிலேயே இடம் உண்டு. 2017-ல் வந்த எச்ஐவி சட்டமும் அதே வருடத்து மனநலச் சட்டமும் இந்தத் தகவல்களை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. சட்டம் மறைக்கச் சொல்கிற வரியை மட்டும் பிரித்தெடுக்க பிடிஎஃபில் ஏது இடம்?

டாக்டர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். மறைத்த மருந்தோடு நான் எழுதுகிற மருந்து மோதினால் யார் பொறுப்பு? மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளோடு டிரமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால் ஆபத்துதான். ஆனால் மருந்து தனித் துண்டாக இருந்தால், நோயைச் சொல்லாமலே "இதை எழுதாதீர்கள்" என்று மென்பொருள் எச்சரிக்க முடியும். விவரம் தெரிந்த டாக்டர் எச்சரிக்கையை வைத்தே நோயை ஊகித்துவிடுவார், உண்மைதான். அதற்கு முழுத் தீர்வு யாரிடமும் இல்லை. ஆனால் டாக்டர் ஒருவர் ஊகிப்பதும், ரிசப்ஷன் முதல் பில்லிங் வரை எல்லாரும் வாசிப்பதும் ஒன்றா?

சட்டத்தின் போக்கும் எனக்குத் திருப்தியாக இல்லை. 2011-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவைக் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தகவல் என்று தனியாகப் பிரித்தன. மருத்துவத் தகவலுக்கென்றே 2018-ல் ஒரு வரைவுச் சட்டம் வந்தது, வரைவோடு நின்றது. 2023-ன் தனிநபர் தரவுச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. என் செல்போன் எண்ணும் என் கல்லீரலும் அதற்கு ஒன்றுதான்.

அப்புறம் அந்த ஒப்புதல் வாங்குகிற அழகு. "அம்மா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." அந்த அம்மா எண்ணைச் சொல்வதில்லை, போனையே கவுண்டருக்குள் நீட்டிவிடுகிறார். உள்ளே இருக்கும் பெண் டக்கென்று தட்டித் திருப்பிக் கொடுக்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது, யாரைக் குறை சொல்வது? எஸ்டோனியாவில் தன் பதிவை யார் எப்போது திறந்தார்கள் என்று நோயாளியே இணையத்தில் பார்க்கலாம். முன்னால் கேட்கிற ஒப்புதலைவிடப் பின்னால் காட்டுகிற இந்தப் பட்டியலுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் உள் மென்பொருளில் பெரும்பாலும் அந்தப் பட்டியல் நோயாளிக்கு மட்டும் தெரியாது.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் முடங்கி, ஓபி முழுக்கக் கையால் எழுதியதைக் காட்டி "பார்த்தீர்களா, இணைத்தால் இதுதான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிபட்டது அந்த ஆஸ்பத்திரியின் சொந்தச் சர்வர்கள். எதையும் யாரோடும் பகிராமல் இருந்தாலும் அது நடந்திருக்கும்.

இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பது என்று லேப்காரர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் குறியீடு போட ஆள் வேண்டுமே என்கிறார்கள். டாக்டர் எழுதும் குறிப்புகளுக்கு அது சரியான கேள்வி. அவற்றைத் துண்டு துண்டாக மாற்ற வருடங்கள் ஆகும், பொறுக்கலாம். லேபுக்கு அந்தச் சாக்கு செல்லாது. ரத்தத்தைச் சோதிக்கும் மெஷின் எண்ணையும் அலகையும் தனித்தனியாகத்தான் வெளியே அனுப்புகிறது. லேப் மென்பொருள் அதை ஒழுங்காக வாங்கி, அட்டவணையில் வைத்து, கடைசி அடியில் லெட்டர்ஹெட்டில் தட்டையாக்கி, பிடிஎஃப் ஆக்கித் தள்ளுகிறது. ஒரு லேபில் இருக்கும் டெஸ்ட் பட்டியலுக்கு ஒரே ஒரு தடவை குறியீடு போட்டால் போதும், அதற்குப் பிறகு எல்லாம் தானாக ஓடும். இணைத்த ஆவணங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஊக்கத்தொகை கொடுக்கத் திட்டம் கொண்டுவந்த அரசு, உள்ளே இருப்பது எண்ணா படமா என்று பார்த்துக் கொடுக்கட்டும். லேப் மென்பொருள் விற்கிற கம்பெனிகள் அடுத்த அப்டேட்டிலேயே மாற்றிவிடுவார்கள்.