"நாம ஒரே குடும்பம்தானே, கணக்கு எதுக்கு?"

கிறிஸ்தவர்கள் ஒருவர் வீட்டிலேயே கூடி ஆராதிக்கும் வீட்டுச் சபைகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. காணிக்கைப் பணத்தைப் பற்றி யாராவது லேசாக வாயெடுத்தால் போதும், மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே இதைச் சொல்லிவிடுவார். கேட்டவர் கூச்சப்பட்டு அடங்கிவிடுவார். அடுத்த பாட்டு ஆரம்பமாகிவிடும். அன்பாகச் சொல்லப்படுகிற வாக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுச் சபைகளில் தானதர்மம் தடம் மாறிப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

நானும் வீட்டுச் சபைக்காரன்தான். வெளியே நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து இருபது பேர் ஒரு வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து, வேதம் வாசித்து, அப்பம் பிட்டு, சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற இந்த முறையில் இருக்கும் நெருக்கம் பெரிய ஆலயங்களில் கிடைக்காது. யார் வரவில்லை என்பது கதவைச் சாத்துவதற்குள் தெரிந்துவிடும். யாருடைய முகம் வாடியிருக்கிறது என்பதும் தெரியும். கட்டடச் செலவு கிடையாது. பல இடங்களில் சம்பளம் வாங்கும் போதகரும் கிடையாது. அப்படியென்றால் விழுகிற காணிக்கையில் பெரும்பங்கு ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும். போகிறதா? எத்தனை பேருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்?

ஆதி சபையைப் போல, அதாவது கிறிஸ்தவத்தின் தொடக்க காலச் சபையைப் போல, இருக்கிறோம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சரி, ஆதி சபையையே பார்ப்போம். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டிலே கூடுகிற சபைக்குப் பவுல் வாழ்த்துச் சொல்கிறார். பிலேமோன் வீட்டிலும் ஒரு சபை கூடியது. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் துரா யூரோப்பஸ் என்ற ஊரைத் தோண்டியபோது, 3ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சபை கூடிய வீடு ஒன்று கிடைத்தது. சாதாரண வீடு. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டுக் கூடமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படி வீடுகளில் கூடி, ஒரே பந்தியில் சாப்பிட்டவர்களிடம் பண விஷயத்தில் ஒழுங்கு இருந்ததா, இல்லையா?

இருந்தது. அதுவும் சண்டை வந்த பிறகு உண்டான ஒழுங்கு.

வேதத்தில் அப்போஸ்தலர் புத்தகத்தின் 2, 4 அதிகாரங்களை நாம் அடிக்கடி வாசிப்போம். சகலமும் பொதுவாயிருந்தது, ஒருவனுக்கும் குறைச்சல் இல்லை. கேட்கவே இனிமையாக இருக்கும். அதே புத்தகத்தின் 6ஆம் அதிகாரத்தை யாரும் இந்த விஷயத்துக்காக எடுத்துப் பிரசங்கிப்பதில்லை. அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உதவி பங்கிடுவதில், கிரேக்க மொழி பேசும் விதவைகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள், முறுமுறுப்பு கிளம்பியது. அப்போஸ்தலர்கள் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லி அதை அமுக்கவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைச் சபையே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிலிருந்தே ஆட்களை எடுத்துப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு எந்தச் சபையில் குறை சொன்னவன் கையில் சாவியைக் கொடுப்பார்கள்?

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தைத் தானே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அவரை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூடவே வைத்துக்கொண்டார். கொரிந்தியருக்கு எழுதும்போது காரணத்தையும் சொல்கிறார்: இந்தத் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் இருக்க வேண்டும். "கர்த்தருக்குத் தெரியும்" என்று சொல்லிக் கணக்குப் புத்தகத்தை மூடுகிறவர்கள் 2 கொரிந்தியர் 8ஐ நிதானமாக ஒருமுறை வாசிக்கலாம்.

உடனே இன்னொரு வசனம் வரும், எனக்குத் தெரியும். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது. இந்த வசனத்தைப் பெட்டிக்குப் பூட்டாகப் போடுகிறார்களே, அதுதான் எனக்குப் புரிவதில்லை. இயேசு அதைக் கொடுக்கிறவனிடம் சொன்னார். உன் தர்மத்தைத் தம்பட்டம் அடிக்காதே என்றார். பத்துப் பேருடைய தர்மத்தை வாங்கி வைத்திருப்பவர் அதை மறைத்து வைக்கலாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. அது அவருடைய வலது கையே இல்லை, மற்றவர்களுடையது.

இப்போது வாங்குகிறவர் பக்கம் வருகிறேன். இதைத்தான் நாம் பேசுவதே இல்லை.

ஆயிரம் பேர் வரும் ஆலயத்தில் ஒரு குடும்பத்துக்கு உதவி போனால் பத்துப் பேருக்குத் தெரியும். இருபது பேர் உள்ள கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உதவி வாங்கியவர் அடுத்த மாதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் எல்லார் கண்ணும் அந்தச் சட்டையிலேயே நிற்கும். அவர் பிள்ளை கையில் புதிதாக ஏதாவது இருந்தால் "எங்கே வாங்கினது, என்ன விலை" என்று ஒரு விசாரிப்பு வரும். அன்பான விசாரிப்பாகத்தான் இருக்கும். உபவாச ஜெபத்தில் அவருடைய பொருளாதாரக் கஷ்டம் பெயரோடு ஜெபக்குறிப்பாக வரும். சாட்சி நேரத்தில் அவர் எழுந்து எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருக்கும், சொல்லாவிட்டால் "கொஞ்சம் ஒரு மாதிரிதான்" என்ற பேச்சு எழும்பும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற இன்னொரு சகோதரிக்கு நாளைக்கு வீட்டு வாடகை கட்ட முடியவில்லை என்றால் சபையில் சொல்வாரா? வட்டிக்கு வாங்குவார். வட்டிக்காரன் ஜெபக்குறிப்பு அறிவிக்க மாட்டானே.

நெருக்கம் இருந்தால் தேவை தானாகத் தெரிந்துவிடும் என்பது பாதி உண்மைதான். நெருக்கம் அதிகமான இடத்தில் சில தேவைகள் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். வேலை போனதை மாதக்கணக்கில் மறைத்துக்கொண்டு, பெட்டியில் வழக்கம்போலக் காணிக்கையும் போட்டுக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். போடாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம்.

ஆகவே நான் கேட்கிற கணக்கு உளவு பார்க்கிற கணக்கு இல்லை. ஒரே வீட்டைச் சேராத, உறவுக்காரர்களும் அல்லாத இரண்டு பேர் பணத்தை எண்ணி எழுத வேண்டும். மாதம் ஒருமுறை எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எந்த வகைச் செலவுக்குப் போனது என்று கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வாங்கியவர் பெயர் அந்த இரண்டு பேரைத் தாண்டக் கூடாது. தொகைக்கு வெளிச்சம், ஆளுக்கு மறைவு. பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. யார் வாங்கினார்கள் என்று ஊருக்கே தெரியும், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்காரர் விஷயமும் இருக்கிறது. கூடம் அவருடையது, நாற்காலி அவருடையது, பெரும்பாலும் அதிகக் காணிக்கையும் அவருடையதுதான். அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் யாருக்கு உதவுவது என்ற பேச்சு வரும்போது எல்லார் முகமும் அவர் பக்கம் திரும்பும். அவருக்குப் பிடிக்காதவர் பெயர் மெல்ல மெல்லப் பேச்சில் வராமலே போகும். நான் பார்த்த ஓர் இடத்தில், வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வந்த குடும்பத்துக்கு உதவி மட்டும் நிற்கவில்லை, சபையே இல்லாமல் போயிற்று. சபை கூடுவது அவர் வீட்டில் அல்லவா, எந்த முகத்தோடு படியேறுவார்கள்? கொரிந்துவிலும் இதே வியாதிதான். வசதியானவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டார்கள், "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" (குடிவெறியில் இருக்கிறான்) என்று பவுல் கொதித்தார். கர்த்தருடைய பந்தியைப் பற்றி நாம் மிகவும் பக்தியாக வாசிக்கும் அந்த அதிகாரமே இந்தச் சாப்பாட்டுச் சண்டையில் பிறந்ததுதான். வீட்டை மாற்றி மாற்றிக் கூடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சிறிய வீடு என்றால் இடித்துக்கொண்டு உட்காருவோம்.

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் சண்டை வரும். தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் உபாகமம் 14ஐயும் சேர்த்து வாசிக்கட்டும். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்யும் லேவியனுக்கு மட்டுமல்ல, பரதேசிக்கும் (வேற்று நாட்டானுக்கும்) திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று அங்கே தெளிவாக இருக்கிறது. வாங்குவதற்கு ஒரு வசனம், கொடுப்பதற்கு மௌனம் என்றால் அது என்ன நியாயம்?

ஊர் ஊராக வரும் ஊழியக்காரர்களுக்கும் ஆதி சபை ஓர் அளவுகோல் வைத்திருந்தது. திதகே என்று ஒரு பழைய கையேடு உண்டு. அதன் கையெழுத்துப் பிரதி 1873இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கிடைத்தது. வருகிற அப்போஸ்தலனை ஏற்றுக்கொள், ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் இரண்டு நாள், மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. போகும்போது வழிக்கு அப்பம் கொடு, பணம் கேட்டால் அவனும் கள்ளன்தான். ஆனால் இல்லாத மற்றவர்களுக்குக் கொடு என்று அவன் சொன்னால் யாரும் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம். இவ்வளவு கறார் ஏன்? ஏமாந்திருப்பார்கள், வேறென்ன. 2ஆம் நூற்றாண்டு நையாண்டி எழுத்தாளர் லூசியன், பெரெகிரினஸ் என்ற ஆசாமி சிறையில் இருந்தபோது கிறிஸ்தவர்கள் அவனுக்குப் பணமாகக் கொட்டியதை எழுதிவிட்டு, கெட்டிக்காரன் எவனும் இந்த வெள்ளந்திகளிடம் சீக்கிரம் பணக்காரனாகிவிடலாம் என்று கேலி செய்கிறார். அந்தக் கேலி இன்றைக்கும் பொருந்துகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இதற்கெல்லாம் மிகப் பிந்தியது. 1742, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்குப் பிரசங்க மண்டபக் கடன் கழுத்தை நெரிக்கிறது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்கிறார் ஒருவர். பலருக்கு அதற்கும் வழியில்லை என்கிறார் இன்னொருவர். அப்போது முதலாமவர், மிகவும் ஏழைகளாகப் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடிந்தால் சரி, முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன் என்கிறார். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குச் சிலரைப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். வாராவாரம் வீடு வீடாகப் பென்னி வாங்கப் போனபோதுதான் யார் எப்படி வாழ்கிறார்கள் என்பதே தெரிய வந்தது. மெதடிஸ்டுகளின் சிறு குழுக்கள் அங்கிருந்துதான் வளர்ந்தன. கட்டடக் கடனுக்காக ஆரம்பித்த வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியதைக் கவனியுங்கள். கணக்கு வைத்ததால் அவர்களிடம் அன்பு குறைந்துபோகவில்லை, கணக்கைச் சாக்கிட்டுத்தான் ஒருவர் வாசலை மற்றவர் மிதித்தார்.

கடைசியாக, நம் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள். சிறிய சபைகள் உள்ளுக்குள் ஒருவரையொருவர் நன்றாகவே தாங்குகின்றன, பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கண்ணில் படுவதில்லை. பட்டாலும் ஒரு கைப்பிரதியோடு சேர்த்துத்தான் உதவி போகிறது. 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசர் ஜூலியன் தன் பூசாரி ஒருவருக்கு எரிச்சலோடு எழுதினார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் அல்லவா தாங்குகிறார்கள்! விரோதியே கொடுத்த இந்தச் சான்றிதழை இன்றைக்கு நம் தெருவில் யாராவது நமக்கு எழுதித் தருவார்களா? கூட்டத்துக்கு வருவாயா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கிற உதவியை எனக்குத் தர்மம் என்று சொல்லவே வாய் வரவில்லை.

எங்கள் சபையில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விவாதம், அவசர உதவியைக் கடனாகக் கொடுப்பதா, இனாமாகவா என்பது. கடனாகக் கொடுத்தால் பொறுப்பு வரும், பணம் சுற்றும், இன்னும் பலருக்கு உதவும் என்பது ஒரு தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் திருப்பிக் கட்ட முடியாதவர் முதலில் கண்ணைத் தவிர்ப்பார், பிறகு சாப்பாட்டுக்கு நிற்காமல் போவார், பிறகு வருவதையே நிறுத்திவிடுவார். பணமும் போகும், ஆளும் போவார். இனாமாகவே கொடுப்போம், பின்னால் கை நிமிர்ந்தவர் பெட்டியில் போட நினைத்தால் போடட்டும், அதை அவர் பெயரில் எழுத வேண்டாம் என்கிறேன். பெட்டி காலியாகிவிடுமே என்று கேட்கிறார்கள். காலியாகட்டும், மறுபடி போடுவோம் என்று சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் யாரும் மசியவில்லை.