கட்டிலுக்கு நாலு கிண்ணம்

(யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வளவு வீடு. முன்னறையைக் கம்பஸ் பெடியன் ஒருவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறா பாக்கியம் மாமி. பூச்சி ஒழிக்கும் வேலை செய்யும் வசந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறான். யாழ்ப்பாணத்தில் மூட்டைப்பூச்சியைவிடக் கெதியாகப் பரவுவது மூட்டைப்பூச்சி பற்றிய கதை என்பது மாமிக்கு நன்றாகத் தெரியும்.)

மாமி: மெல்லக் கதையும் தம்பி. சைக்கிளை உள்ளுக்கு எடும். ஆரும் கேட்டால் கத்தரிக்கு மருந்தடிக்க வந்தனான் எண்டு சொல்லும்.

வசந்தன்: உங்கட வளவிலை கத்தரியே இல்லையே மாமி.

மாமி: போன முறை அடிச்ச மருந்திலை பட்டுப்போச்செண்டு சொல்லும்.

வசந்தன்: என்ர தொழிலுக்கு நல்ல விளம்பரம். சரி, விசயத்தைச் சொல்லுங்கோ.

மாமி: எல்லாம் உந்த முன்னறைப் பெடியன் கொண்டந்து விட்ட சனியன். கொழும்பாலை இரவு பஸ்ஸிலை வந்தவன். பேந்து பாத்தால் முதுகு, கை எல்லாம் தடிப்பு. எனக்குப் பாரும், ஒரு கடி இல்லை. அப்ப மூட்டை அவன்ர அறையிலைதானே?

வசந்தன்: கடியை வைச்சு வழக்குத் தீர்க்கேலாது. மூட்டை கடிச்சாலும் கொஞ்சப் பேருக்குத் தடிப்பே வராது. சிலருக்குக் கடிச்சு நாலைஞ்சு நாளாலைதான் தெரியும். தடிப்பை மட்டும் பாத்து இது மூட்டையோ நுளம்போ எண்டு டொக்டராலையும் அடிச்சுச் சொல்லேலாது. கனடாவிலை சைமன் பிறேசர் பல்கலைக்கழகத்திலை றெஜின் கிறீஸ் எண்டு ஒரு ஆராய்ச்சியாளர். மூட்டையளைக் கூட்டி வைச்சிருக்கிற வாசனை என்னெண்டு கண்டுபிடிக்க, ஆய்வுகூடத்து மூட்டைக்குத் தன்ரை கையிலை இருந்துதான் ரத்தம் குடுத்தவ. 2014இலை முடிவு வெளிவரேக்கை மொத்தம் 180,000 கடி. அவவுக்குப் பெரிசாத் தடிக்கிறேல்லை, அதாலைதான் அந்த வேலை அவவின்ரை தலையிலை.

மாமி: கடவுளே! புருசன்காரன் ஒண்டும் சொல்லேல்லையோ?

வசந்தன்: அவரும் அதே ஆராய்ச்சியிலைதான். கையை நீட்டினது அவ.

மாமி: ம். அது எல்லா வீட்டிலையும் நடக்கிறதுதான்.

(முன்னறை. வசந்தன் ரோச் லைற்றை அடித்துப் பார்க்கிறான். கட்டில் சட்டம் மட்டும் நிற்கிறது.)

வசந்தன்: மெத்தை எங்கை?

மாமி: முத்தத்து வெய்யிலிலை போட்டிருக்கிறன். பெடியனை ஹோலிலை பாய் போட்டுப் படுக்க விட்டனான்.

வசந்தன்: ஐயோ மாமி! மூட்டை கட்டிலைத் தேடி வாறேல்லை, ஆளைத் தேடி வாறது. நாங்கள் விடுற மூச்சுக் காத்தும் உடம்புச் சூடும்தான் அதுக்கு வழி காட்டும். ஆள் ஹோலுக்குப் போனால் மூட்டையும் ஹோலுக்குப் போகும். சாப்பாடு இல்லாட்டியும் மாசக் கணக்கிலை சாகாமல் கிடக்கும். இண்டைக்கு இரவே பெடியன் இந்தக் கட்டிலிலை படுக்க வேணும்.

மாமி: கடிபடவோ? வாடகையும் வாங்கிக் கொண்டு?

வசந்தன்: கடிபடாமல் படுக்க வைக்கிறதுக்குத்தான் நான் வந்தனான். முதல் வெய்யிலுக்கு ஒரு முடிவு சொல்லுறன். பெரிய மூட்டை 48 பாகைச் சூட்டிலை 20 நிமிசம் கிடந்தால் செத்திடும். முட்டைக்கு அதே சூட்டிலை ஒண்டரை மணித்தியாலம் வேணும். 50 தாண்டினால்தான் முட்டையும் பூச்சியும் உடனை முடியும். உங்கட மெத்தையின்ரை மேல்பக்கம் அடுப்பு மாதிரிக் கொதிக்கும், ஆனால் நிலத்தைப் பாத்த பக்கம் அந்தச் சூட்டுக்கு வராது. அவுஸ்திரேலியாவிலை மெத்தையைக் கறுப்புப் பிளாஸ்ரிக்கிலை சுத்தி வெய்யிலிலை வைச்சே சோதிச்சவை. சரிவரேல்லை எண்டு 2006இலை எழுதிப்போட்டினம். மேலை சுடச்சுட மூட்டை கீழ்ப்பக்கம் நடந்து போய் நிழலிலை இருக்கும்.

மாமி: என்னைவிடப் புத்தி கூட. நான் மேலை நிண்டெல்லோ மிளகாய் காயப் போடுறன்.

வசந்தன்: இப்ப இஞ்சை வாங்கோ. மெத்தை விளிம்புத் தையல், லேபிள் தைச்ச இடம், கட்டில் பலகை பொருந்துற மூலை, ஆணி ஓட்டை. பழைய ரெலிபோன் காட் ஒண்டின்ரை விளிம்பு நுழையிற கீறல் எண்டால் மூட்டையும் நுழையும். தலைமாட்டிலை இருந்து அஞ்சடிக்குள்ளை வடிவாத் தேடினால் அனேகமா அகப்படும். உதிலை கறுப்புப் புள்ளி தெரியுதோ? ஈரத் துணியாலை ஒத்திப் பாருங்கோ.

மாமி: சீ! கபிலமாக் கரையுது.

வசந்தன்: சமிச்ச ரத்தம். பேனாக் கறை எண்டால் இப்பிடிக் கரையாது. உது உரிச்ச தோல். முட்டையாலை வந்து பெரிசாகுமட்டும் அஞ்சு தரம் தோல் உரிக்கும், ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு சாப்பாடு வேணும். முட்டை வெள்ளை, ஒரு மில்லிமீற்றர் நீளம், பசை போட்டு ஒட்டியிருக்கும். தட்டினால் விழாது, காட்டாலை சுரண்ட வேணும்.

மாமி: உந்த விளக்கமெல்லாம் ஏன்? ரின்னிலை அடைச்ச நுளம்பு மருந்து ரெண்டை அடிச்சுவிட்டால் முடிஞ்சுது. முந்தி டி.டி.ரி. அடிச்சவை, ஒண்டு மிஞ்சேல்லை.

வசந்தன்: மிஞ்சினது. 1947இலை ஹவாயிலை, பேர்ள் ஹாபர் படைமுகாமிலை டி.டி.ரி.க்குச் சாகாத மூட்டை கண்டவை. எங்கட ஊர் மூட்டை வேறை இனம், வெப்ப நாட்டு மூட்டை. அதுக்கும் மருந்தெதிர்ப்பு இருக்கெண்டு பேராதனைப் பல்கலைக்கழக ஆக்கள் 2007இலை காட்டினவை. நுளம்பு ரின்னிலை இருக்கிற பைரித்திரொயிட் வகைக்கு இப்ப உலகம் முழுக்கப் பழகிப்போச்சு. உந்தப் புகைக் குண்டும் பிரயோசனமில்லை. ஓகையோவிலை மூண்டு வகை வாங்கி 2012இலை சோதிச்சவை. புகை கீறலுக்குள்ளை போகாது, மூட்டை கீறலை விட்டு வெளிக்கிடாது.

மாமி: அப்ப மண்ணெண்ணெய்?

வசந்தன்: மூட்டை தப்பும், வீடு எரியும்.

மாமி: எங்கட ஜிம்மியை விட்டு மணக்க விடுவமே? நாய் மணந்து பிடிக்குமெண்டு மருமோன் சொன்னவர்.

வசந்தன்: பழக்கின நாய். ஆய்வுகூடத்திலை நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேலை சரியாப் பிடிச்சது. உண்மையான வீடுகளுக்குக் கொண்டு போக, 2014இலை சராசரி 44தான். இல்லாத இடத்திலை இருக்கெண்டு குரைச்சதும் உண்டு. ஜிம்மி பழகாத நாய்.

(ஜிம்மி வசந்தனின் பையில் இருந்த பிஸ்கற் பக்கற்றை வெற்றிகரமாகக் கண்டுபிடிக்கிறது.)

வசந்தன்: இனித்தான் முக்கியமான வேலை. பெரிய பிளாஸ்ரிக் கிண்ணம் நாலு, அதுக்குள்ளை வைக்கச் சின்னக் கிண்ணம் நாலு எடுங்கோ. சின்னதைப் பெரிசுக்கு நடுவிலை பசை போட்டு ஒட்ட வேணும். கட்டில் கால் சின்னதுக்குள்ளை நிக்கும். பெரிசின்ரை வெளிப்பக்கத்துக்கு மாஸ்கிங் ரேப் சுத்துங்கோ, மூட்டை ஏற வேணுமெல்லோ.

மாமி: ஏற விடவோ? விசரோ உமக்கு?

வசந்தன்: ஏறினால்தான் உள்ளுக்கு விழும். விழுந்தால் வழுக்கும், வெளியிலை வரேலாது. ஆனால் எங்கட மூட்டைக்கு ஒரு கெட்டித்தனம் இருக்கு. 2017இலை மலேசியாவிலை ஆராய்ஞ்சு சொன்னவை: குளிர் நாட்டு மூட்டை வழுக்கி விழுற மட்டமான சுவரிலை வெப்ப நாட்டு மூட்டை ஏறிப் போகும். அதின்ரை காலிலை ஒட்டுமயிர் கூட. அதாலை ரெண்டு கிண்ணத்தின்ரை உள்பக்கமும், சின்னதின்ரை வெளிப்பக்கமும் ரல்கம் பவுடர் மெல்லிசாத் தடவ வேணும். கிழமைக்கு ஒருக்கா, தூசி பிடிச்சால் இடையிலையும், துடைச்சுப்போட்டுத் திருப்பித் தடவுங்கோ. பவுடர் இல்லாட்டி உது பொறி இல்லை, படிக்கட்டு.

மாமி: சரி. நாலு காலுக்கும் வைச்சால் முடிஞ்சுதோ?

வசந்தன்: கட்டிலைச் சுவரிலை இருந்து ஒரு சாண் தள்ளுங்கோ. பெட்ஷீற் நிலத்திலை முட்டக் கூடாது. நுளம்பு வலை... உதோ, நிலத்திலை குவிஞ்சு கிடக்கு! கிண்ணம் வைச்சுப்போட்டு வலையைத் தொங்க விட்டால் மூட்டை கிண்ணத்துப் பக்கம் தலை வைச்சும் படுக்காது, வலையாலை ஏறிப் போகும். வலையை மெத்தைக்குக் கீழை செருகுங்கோ. சார்ஜர் வயரும் கட்டிலைத் தொடக்கூடாது.

மாமி: போஞ்சி இலை போட்டால் ஒட்டிப் பிடிக்குமெண்டு ஆரோ சொன்னவை. என்ர பந்தலிலை பயத்தங்கொடி நிக்குது.

வசந்தன்: அது உண்மை, ஆனால் போஞ்சிதான், பயத்தை இல்லை. பால்கன் நாடுகளிலை அறையெல்லாம் போஞ்சி இலை பரப்பி விடியத் தூக்கி எரிக்கிறவை. இலையிலை இருக்கிற கொளுவி மயிர் மூட்டையின்ரை காலிலை குத்தி இறுக்கிப் பிடிக்கும். 2013இலை அமெரிக்காவிலை நுணுக்குக்காட்டியிலை பாத்து எழுதினவை. பிளாஸ்ரிக்கிலை அச்செடுத்துச் செய்தும் பாத்தினம், செயற்கை இலை அவ்வளவு பிடிக்கேல்லை. இலை காய்ஞ்சால் அதுவும் பிடிக்காது.

(அன்று மெத்தைத் தையலுக்கும் கட்டில் மூலைக்கும் நீராவி பிடிக்கிறான். முனை அகலமானது. ஒடுங்கினால் காற்றின் வேகத்தில் மூட்டை செத்துவிடாமல் பறந்துவிடும். பிடித்த கையோடு அந்த இடத்தில் சூட்டுமானி 70 - 80 பாகை காட்ட வேண்டும், காட்டாவிட்டால் கை ஓடிவிட்டது என்று அர்த்தம். பெடியனின் உடுப்புகளை 60 பாகைத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறப்போடச் சொல்கிறான். சுடுதண்ணி படக்கூடாத சப்பாத்து, புத்தகப் பைக்கு மாமி ஒரு வழி கண்டுபிடிக்கிறா.)

மாமி: மருமோன்ரை ஐஸ்கிறீம் கடையிலை பெரிய பிறீசர் இருக்கு. இரவோடை இரவா வைச்சிட்டு எடுப்பம்.

வசந்தன்: மைனஸ் 18 பாகைக் குளிரிலை நாலு நாள் கிடக்க வேணும், இறுக்கிக் கட்டின பையிலை. ஒரு இரவு போதாது. பெடியன்ரை சப்பாத்து நாலு நாள் ஐஸ்கிறீமுக்குப் பக்கத்திலை இருந்தால் உங்கட மருமோன்ரை கடைக்கு மூட்டை தேவையில்லை. பழைய பிறீசர் ஒண்டு தேடுங்கோ.

(ஒரு கிழமைக்குப் பிறகு. அதே அறை. வசந்தன் முழங்காலில் நின்று கிண்ணங்களைப் பார்க்கிறான்.)

மாமி: எத்தினை? சொல்லும், இதயம் தாங்கும்.

வசந்தன்: உள் கிண்ணத்திலை ஒண்டு. வெளி வளையத்திலை ஏழு. அதிலை ஆறு, வாசல் பக்கக் கால்களிலை.

மாமி: எட்டு! அப்ப பெடியனை எழுப்பத்தான் வேணும்.

வசந்தன்: அவசரப்படாதேங்கோ. கட்டிலாலை இறங்கினது உள் கிண்ணத்திலை விழும். கட்டிலுக்கு ஏற வந்தது வெளி வளையத்திலை விழும். மூட்டை ரெண்டு பக்கமும் நடக்கும், அதாலை உது முழுச் சாட்சி இல்லை. ஆனால் ஏழுக்கு ஒண்டு எண்டால் வேறை எங்கையோ பெரிய குடி இருக்கு. வாசலுக்கு அங்காலை என்ன?

மாமி: ஹோல். என்ர சாய்மனைக்கதிரை மட்டும்தான்.

வசந்தன்: ஆர் அதிலை இருக்கிறது?

மாமி: நான்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயருறது. எனக்குத்தான் ஒரு கடியும் இல்லையே!

(வசந்தன் கதிரையைக் கவிழ்த்து, பிரம்பு பின்னிய ஓட்டைகளுக்குள் ரோச் அடிக்கிறான். மாமி அரைக்கண்ணால் பார்க்கிறா.)

வசந்தன்: கறுப்புப் புள்ளி சட்டம் முழுக்க. முட்டை, தோல், குஞ்சு, எல்லா வயசும் இருக்கு. உது போன மாசம் பஸ்ஸிலை வந்த கூட்டம் இல்லை மாமி. பெடியன் ஹோலிலை படுத்தது இதுக்குப் பக்கத்திலையோ?

மாமி: ...தலைமாடு இதுக்குக் கீழை. தம்பி, அவனுக்கு உதைச் சொல்லாதேயும். வாடகையைக் குறைக்கச் சொல்லுவான்.

வசந்தன்: குறைக்கத்தான் வேணும்.

மாமி: கதிரையைக் கோயில் மடத்துக்குக் குடுத்திடட்டோ? புண்ணியமும் வரும்.

வசந்தன்: மடத்திலை படுக்கிற அத்தனை பேருக்கும் மூட்டையும் போகும். குடுக்கவும் வேண்டாம், றோட்டிலை வைக்கவும் வேண்டாம். பிரம்பை வெட்டி எடுத்து எரியுங்கோ. சட்டத்தைக் கழட்டி நீராவி பிடிச்சு, பொருந்துற ஓட்டைக்குள்ளை சிலிக்கா தூள் போடுறன். அது மூட்டையின்ரை தோலிலை இருக்கிற மெழுகை உறிஞ்சி அதைக் காய வைக்கும். கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத அளவுதான் போட வேணும். குவிச்சுப் போட்டால் மூட்டை சுத்திப் போகும், உங்களுக்குத்தான் இருமல் வரும். சுவிச் பெட்டிக்குள்ளையும் கொஞ்சம் ஊத வேணும், மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு. முட்டை 6 - 10 நாளிலை பொரிக்கும், அதாலை ரெண்டு கிழமையாலை திரும்ப வந்து முழுக்கப் பாப்பன். கிண்ணம் ரெண்டு மாசம் எண்டாலும் நிக்க வேணும். வெறுமையா நிக்கிற கிண்ணம்தான் மூட்டை போனதுக்கு அத்தாட்சி. சரி, உங்களைத் தவிர வேறை ஆர் இந்தக் கதிரையிலை இருக்கிறது?

மாமி: பக்கத்து வீட்டுத் திலகம். பின்னேரம் வந்தால் விளக்கு வைக்குமட்டும் எழும்பமாட்டா. ஊர்ப் புதினம் எல்லாம் உதிலை இருந்துதான்.

வசந்தன்: அப்ப அவவின்ரை வீட்டையும் பாக்க வேணும். அமெரிக்காவிலை தொடர்மாடி வீடுகளிலை மூட்டைக்குக் குறி போட்டு விட்டே பாத்திருக்கினம், ஒரு வீட்டிலை விட்டது பக்கத்து வீட்டிலை அகப்பட்டது. ஆனால் நீங்கள் ஆருக்கும் சொல்ல மாட்டீங்களே.

மாமி: (எழும்பி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு) திலகத்தின்ரை வீட்டிலையும் இருக்குமெண்டு விஞ்ஞானம் சொல்லுதோ?

வசந்தன்: இருக்கலாம். பாத்தால்தான் தெரியும்.

மாமி: அவளுக்கு எத்தினை கிண்ணம் வேணும்?

வசந்தன்: எத்தினை கட்டில்?

மாமி: மூண்டு. ஒரு செற்றியும் கிடக்கு.

வசந்தன்: அப்ப 16 சோடி. ஒவ்வொண்டுக்கும் நம்பர் போட்டு, திகதி, எந்தக் கால், உள்ளையோ வெளியையோ எண்டு ஒரு கொப்பியிலை எழுத வேணும். கிழமைக்கு ஒருக்கா ஒரே நாளிலை எண்ண வேணும்.

மாமி: கொப்பியை என்னட்டைத் தாரும். திலகத்தின்ரை வீட்டு எண்ணிக்கையை நான் எண்ணுவன்.