கரும்புக் கொல்லையில் காங்கிரீட் மகசூல்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பின்னாளில் மாடி எழுப்பிக்கொள்ளட்டும் என்று அப்பா விட்டுவைத்தவை. மொரிசியஸில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இப்படிக் கம்பி முளைத்த வீடுகளைப் பார்க்கலாம். 1960இல் கரோல் புயல் தகரத்தையும் ஓலையையும் பிய்த்துக்கொண்டு போனதை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. அவருக்குக் காங்கிரீட் என்றால் உயிருக்கு உறுதி. ஆகவே கட்டடத்தைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஆள் அல்ல நான்.

ஆனால் "கட்டுமானத் துறை வளர்கிறது" என்று செய்தியில் பெருமையாகச் சொல்லும்போது, எதை விற்று வளர்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஐரோப்பா நம் சர்க்கரைக்குத் தந்துவந்த விலையை 36 விழுக்காடு வெட்டியது. 2009இல் பழைய ஒப்பந்தமும் முடிந்தது. இரண்டு ஆர்ப்பான் (ஓர் ஆர்ப்பான் என்பது ஏறக்குறைய ஓர் ஏக்கர்) கரும்பு வைத்திருந்த என் சித்தப்பாவுக்கு மறுநடவுச் செலவு கட்டுப்படியாகவில்லை. கொல்லையைத் தரிசாகப் போட்டார், பிறகு மனை பிரித்து விற்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பெருந்தோட்டங்களின் கணக்கு வேறு. 2002இல் வந்த திட்டப்படி, அவற்றின் நிலத்தில் எழும் வில்லாவைக் குறைந்தது 5 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கும் வெளிநாட்டவருக்கு வசிப்புரிமையும் கிடைத்தது. 2015இல் வீடு, அலுவலகம், கடை எல்லாம் சேர்த்துப் புதுநகர் எழுப்பும் ஸ்மார்ட் சிட்டித் திட்டம் வந்தது. நம் முன்னோர் கொல்லையிலிருந்து பொறுக்கிக் குவித்த கருங்கல் மேடுகள்கூட இப்போது ஜல்லியாகவும் மணலாகவும் அரைபடுகின்றன. கடல் மணல் அள்ளுவது 2001இலேயே நிறுத்தப்பட்டுவிட்டதே!

கரும்பை வெட்டினால் மறுதாம்பு துளிர்க்கும். விற்ற நிலம் எந்தப் பருவத்திலும் துளிர்க்காது. வருமானம் என்று இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டிக் காட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வேலையாவது நம்மவர்களுக்குக் கிடைக்கிறதா? சாரம் ஏறி நிற்பவர்களில் பலர் பங்களாதேஷ் இளைஞர்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. 1730களில் தலைநகர் போர்ட் லூயிஸைக் கட்ட பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே கடல் கடந்து வரவழைத்தவர்களில் புதுச்சேரித் தமிழ்க் கொத்தர்களும் இருந்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள் என்று மேடையில் மார்தட்டும் நம் வீடுகளில் இன்று கொத்துக்கரணை பிடிக்கத் தெரிந்த பையன் ஒருவன் உண்டா?

என் மகன் இரண்டு வருடமாக மனை தேடுகிறான். சித்தப்பா விற்ற அதே துண்டு மறுவிற்பனைக்கு வந்தது. விலையைக் கேட்டுவிட்டு, பேசாமல் வந்து சோபாவில் உட்கார்ந்தான். மேலே கம்பி இருக்கிறது, துருவைத் தேய்க்க ஒரு தூரிகை வாங்கி வா என்றேன்.