ட்ரோம்சோவில் இரண்டு மாதம் கும்மிருட்டா?

நார்வேயின் கடற்கரை ஊரான ட்ரோம்சோவில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் நாள் முழுக்கக் கும்மிருட்டு, அதனால்தான் மக்கள் வீட்டுக்குள் முடங்கி இசையே கதியென்று இருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்.

நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது இருட்டு அல்ல. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம், நமக்குச் சூரியன் உதிக்கும் முன் இருக்கும் வெளிச்சம் அங்கே இருக்கும். தெற்கு வானம் இளஞ்சிவப்பாகும். பனி நீலம் பாய்ந்து தெரியும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், பெரியவர்கள் பனிச்சறுக்குக்குப் போகிறார்கள். இசை கேட்கவும் வெளியே கிளம்பித்தான் போகிறார்கள். ஊரின் பெரிய இசை விழாவே 1988 முதல் குளிர்காலத்தில்தான் நடக்கிறது.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90இலிருந்து அவ்வூரின் அட்சரேகை 69.65ஐக் கழியுங்கள், டிசம்பர் 21 அன்று சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் 23.44ஐயும் கழியுங்கள். ஏறக்குறைய மைனஸ் 3 பாகை (டிகிரி) வரும், அதாவது அன்று நண்பகலில் சூரியன் தொடுவானத்துக்கு 3 பாகை கீழே இருக்கும். சூரியன் 6 பாகை வரை தாழ்ந்திருந்தாலும், வானம் தெளிவாக இருந்தால் விளக்கில்லாமல் வெளியே நடமாடலாம். கணக்கு வேண்டாம் என்றால், டிசம்பரில் இந்திய நேரம் மாலை நாலேகால் வாக்கில் அவ்வூர் நேரலைக் கேமரா ஒன்றைத் திறந்து பாருங்கள்.