மணலுக்குள் காலால் தள்ளிவிட்டுப் போகிறவர்களே

பார்க்கப் பார்க்கப் பற்றி எரிகிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் பஜ்ஜி தின்ற தட்டு, ஐஸ்கிரீம் கப், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் காலாலேயே மணலுக்குள் தள்ளி மூடிவிட்டு எழுந்து போகிறார்கள். பத்தடியில் குப்பைத் தொட்டி இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்க்கிற பிள்ளை நாளைக்கு வேறு என்ன செய்யும்?

காணும் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள். தூய்மைப் பணியாளர்கள் டன் கணக்கில் வாரிக்கொண்டிருப்பார்கள். நாம் தின்று போட்டதை அவர்கள் ஏன் குனிந்து பொறுக்க வேண்டும்? அதுவும் ஜனவரி மாதம்! பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரையேறுகிற காலம். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே மாணவர்கள் ராத்திரி தூக்கத்தை விட்டு நடந்து, முட்டைகளைத் தேடியெடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். அதே மணலில்தான் நம் ஆட்கள் கப்பைப் புதைக்கிறார்கள்.

கரையில் போடுவது மட்டுமா? தெருவில் வீசிய கவர்கூட ஐப்பசி மழையில் கூவத்திலும் அடையாற்றிலும் அடித்துக்கொண்டு போய் முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர்கிறது. மீனவர் வலையில் மீனோடு கவரும் ஏறுகிறது. "ஒரு கவர்தானே, கடல் பெரிசு" என்கிறார்கள். பசிபிக்கில் ஹெண்டர்சன் என்று ஒரு தீவு. மனிதர் யாருமே அங்கே வாழவில்லை. அதன் கரைகளில் சுமார் 3.8 கோடி பிளாஸ்டிக் துண்டுகள் கிடப்பதாக 2017-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து பாட்டில்கள் ஒதுங்குகின்றன. கடல் எதையும் விழுங்கிச் செரிப்பதில்லை. இன்னொருவர் கரையில் கொண்டுபோய்ப் போடுகிறது, அவ்வளவுதான்.

சரி, சட்டம் இல்லையா? இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பையும் மீண்டும் வந்தது. ஆனாலும் இன்றைக்குப் பார்சல் கேட்டால் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டித்தான் தருகிறார்கள். பாத்திரத்தை நீட்டினால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அபராதம் என்று வந்தால் பூ விற்கிற அம்மாவும் சுண்டல்காரரும்தான் அதிகாரிகள் கண்ணில் படுகிறார்கள். அவர்கள் கைக்கு அந்தக் கவர் எங்கிருந்து வந்தது? எங்கோ ஒரு இயந்திரம் ஓடுகிறது, யாரோ மூட்டை மூட்டையாக மொத்த விலைக்கு விற்கிறார்கள். முதலில் அங்கே போய்ப் பூட்டுப் போடுங்கள்.