அந்த ஆயிரம் ரூபாய்
பட்ஜெட் வருகிறது என்றாலே எல்லோரும் வருமான வரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சரி, 2025இல் 12 லட்சம் வரை வரி கிடையாது என்றது சம்பளக்காரர்களுக்கு நல்லதுதான். ஆனால் தனியார் கம்பெனிகளில் காலமெல்லாம் உழைத்து, பிஎஃப் கட்டி ஓய்வு பெற்றவர்களை யார் நினைக்கிறார்கள்? அவர்களுக்கான குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்தது, 2025 பட்ஜெட்டிலும் அதே ஆயிரம்தான், இதில் மாத்திரை வாங்குவதா கேஸ் சிலிண்டர் வாங்குவதா? ஒவ்வொரு ஜனவரியிலும் 7,500 ஆகப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றும், அப்பாவும் நம்பிக்கையோடு டிவி முன்னால் உட்காருவார், அப்புறம் பேசாமல் எழுந்து போய்விடுவார். 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் நிறுத்திய முதியோர் ரயில் சலுகைக்கும் இதே கதிதான். எனக்கு இந்த அறிவிப்புகளில் நம்பிக்கையே போய்விட்டது. நம் எம்பிக்களாவது இதைச் சபையில் விடாமல் கேட்க வேண்டும்.