விலையைக் குறைக்க வேண்டாம், தெரிந்ததைச் சொல்லுங்கள்

வாங்குவது விற்பது பற்றிப் பேச்சு எடுத்தாலே ரெண்டு கட்சி கிளம்பிவிடும். "வியாபாரத்துல இரக்கம் பார்த்தா தலையில துண்டுதான்" என்பது ஒரு கட்சி. "எல்லாத்துலயும் லாபம் பார்த்தா அப்புறம் மனுசத்தன்மை எங்க இருக்கு" என்பது இன்னொன்று. எவ்வளவுதான் சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் ரெண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள்: தாராள மனசு என்றால் விலையைக் குறைப்பது. எனக்கு அங்கேதான் சம்மதமில்லை.

விலையில் கறாராக இருக்கிறவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் உழைப்பு, அவர் முதல், அவர் குடும்பம். கசாப்புக்காரரும் ரொட்டி சுடுகிறவரும் நம்மேல் கருணை வைத்து நமக்குச் சாப்பாடு தருவதில்லை, தங்கள் நலனைப் பார்த்துத்தான் தருகிறார்கள் என்று பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியதைச் சுயநலத்துக்குச் சான்றிதழ் மாதிரி நீட்டுகிறவர்கள் நிறைய. அதே மனிதர் 1759-இலேயே, அடுத்தவர் படும் பாடு நம் மனசை ஏன் தொடுகிறது என்று ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரி, சுயநலம் இருக்கட்டும், அது இல்லாமல் சந்தையே இல்லை. ஆனால் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு குறையை மூடி மறைத்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு "உங்களுக்காகத்தான்" என்று சொல்கிறவரைத் தாராள மனசுக்காரர் என்று என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

பழைய தையல் மெஷின் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். விற்கிற அம்மா விலையில் இறங்கவே இல்லை, நானும் கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். பணத்தை எடுக்கப் போகும் நேரத்தில் அவர் ஒரு ஜீன்ஸ் துண்டை எடுத்து ரெண்டாக மடித்து ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தார். நாலு தையல் ஓடியது, நூல் பட்டென்று அறுந்தது. மறுபடி கோத்தார், மறுபடி அறுந்தது. "மெல்லிசுத் துணின்னா நல்லா ஓடும், கெட்டித் துணிக்கு இது ஆகாது. மெக்கானிக்கை வெச்சும் பார்த்தாச்சு, சரியா வரல. நீங்க என்ன தைக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியாது, அதான் காட்டிட்டேன்" என்றார். நான் தைக்க நினைத்தது கெட்டித் துணிப் பைகள். அதனால் வாங்கவில்லை. "பரவால்லங்க" என்று சொல்லிவிட்டு மெஷின்மேல் உறையைப் போட்டு மூடினார்.

அவருக்கு ஒரு விற்பனை போனது. அந்தத் துண்டை எடுக்காமல் இருந்திருந்தால் நான் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன், அவர் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். "நேர்மையா இருந்தா வியாபாரம் தானா பெருகும்" என்று சொல்லி நேர்மையையும் ஒரு லாபக் கணக்காக ஆக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். பல சமயம் உண்மை சொன்னால் நஷ்டம்தான் வரும். நஷ்டம் வரும் என்று தெரிந்தே சொல்வதால்தான் அதைத் தாராளம் என்கிறேன்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. கி.மு. 44-இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ ஒரு சிக்கலை எடுத்து அலசியிருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம், தானியம் எக்கச்சக்க விலை. அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு வணிகர் கப்பல் நிறைய தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் தானியத்தோடு வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்ல வேண்டுமா, வேண்டாமா? டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி, சட்டம் கேட்கிற குறைகளைச் சொன்னால் போதும், மற்றபடி ஏமாற்றாமல் நல்ல விலைக்கு விற்கலாம், மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு என்கிறார். அவர் மாணவர் ஆன்டிபேட்டர் குருவையே எதிர்த்து, வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாமல் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் நின்றார். நானும் அந்தப் பக்கம்தான்.

நீதிமன்றம் வேறு பக்கம் நின்ற கதையும் உண்டு. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த போர் முடிந்த செய்தி 1815 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் வந்து சேருகிறது. ஊருக்குள் துண்டறிக்கை வருவதற்கு முன்னாலேயே அது ஆர்கன் என்ற வியாபாரி காதுக்கு எட்டிவிட்டது. விடிந்தும் விடியாமலும் லெய்ட்லா நிறுவனத்திடம் போய் 111 பெரிய பீப்பாய் புகையிலைக்குப் பேரம் முடிக்கிறார். விலையைப் பாதிக்கிற மாதிரி ஏதாவது செய்தி உண்டா என்று விற்கிற தரப்பு கேட்டது. ஆர்கன் வாயைத் திறக்கவில்லை. செய்தி பரவியதும் புகையிலை விலை 30 முதல் 50 சதவீதம் வரை ஏறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வாங்குகிறவர் தனக்குத் தெரிந்த வெளிச் செய்தியைச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல, ஆனால் சொல்லாலோ செயலாலோ ஏமாற்றக் கூடாது என்று தலைமை நீதிபதி மார்ஷல் 1817-இல் தீர்ப்பு எழுதி, ஏமாற்று நடந்ததா என்று பார்க்க வழக்கைத் திருப்பி அனுப்பினார்.

சட்டம் அப்படிச் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தேடி அலைந்து தெரிந்துகொண்டதை எல்லாம் இலவசமாக ஒப்படைக்கச் சொன்னால் யார் தேடுவார்கள்? ஆனால் சட்டம் தண்டிக்காமல் விடுகிற இடம் எல்லாம் நல்லது நடக்கிற இடம் ஆகிவிடாது. எதிரே ஒருவர் நேருக்கு நேர் பார்த்துக் கேட்கிறார், நீங்கள் ஊமையாக நிற்கிறீர்கள். அதைச் சாமர்த்தியம் என்று மெச்ச எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஊமைத்தனம் ஊர்ப் பழக்கமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார் (மூன்று ஆய்விதழ்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கட்டுரை, 2001-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு வாங்கிக் கொடுத்தது). எது நல்ல கார், எது ஓட்டைக் கார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் எல்லாக் காருக்கும் நடுத்தரமான ஒரு விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருக்கிறவர் "இந்த விலைக்கு நான் ஏன் தரணும்" என்று ஒதுங்கிவிடுவார். நல்லவை ஒதுங்க ஒதுங்க மிச்சமிருப்பதன் தரம் இறங்கும், விலை இன்னும் இறங்கும், அடுத்து இருப்பவரும் ஒதுங்குவார். கடைசியில் ஓட்டை மட்டும்தான் சந்தையில் நிற்கும். யாரோ ஒருவர் மறைத்ததற்கான தண்டனையை, மறைக்காத எல்லோரும் சேர்ந்து கட்டுகிறார்கள்.

வாங்குகிறவர்களும் இதில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தவர் சின்னதாகத் தொழில் தொடங்கினால் முதல் ஆளாகப் போய் "நமக்கு எவ்ளோ கம்மி பண்ணுவீங்க" என்று நிற்கிறோம். தாராளம் என்பது கொடுக்கிறவராகப் பார்த்துக் கொடுப்பது, கேட்டு வாங்கினால் அது பிடுங்கல். அதைவிட மோசம், ஆஸ்பத்திரிச் செலவுக்காக அவசரமாக விற்கிறவரிடம் அவர் அவசரத்தையே எடைக்கல்லாக வைத்துப் பேசுவது. நாலு நாள் பொறுத்தால் அவருக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது வாங்குகிறவருக்கு நன்றாகத் தெரியும். "பொறுங்க, அவசரப்படாதீங்க, இன்னும் ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சிட்டு வாங்க" என்ற ஒரு வார்த்தை போதும். அதற்குக் காசு செலவில்லை. வாய்ப்பு கை நழுவலாம், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பழைய பொருட்களை விற்கும் செயலிகள் ஒவ்வொன்றிலும் "இதில் என்ன சரியில்லை" என்று ஒரு கட்டம் வேண்டும், அதை நிரப்பாமல் விளம்பரம் வெளியாகக் கூடாது, குறை இருக்கும் இடத்தைப் படம் எடுத்துப் போட வேண்டும். பொய் எழுதுவார்களே என்பீர்கள். எழுதட்டும். இன்றைக்குக் குறையைப் பற்றி ஒரு வரி எழுதாமலேயே விற்றுவிட முடிகிறது, பிறகு கேட்டால் "நீங்க கேக்கலையே" என்று நழுவிவிடுகிறார்கள். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்தில் "குறை ஒன்றுமில்லை" என்று எழுதியவர் அப்படி நழுவ முடியாது. அது அவர் கைப்பட எழுதிய பொய், வாங்கியவர் அதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.